காலை உணவு மியூஸ்லியின் முகப்பு வாசகம் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: சிறுதானிய மியூஸ்லியில் உள்ள சர்க்கரை அளவு தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் சிறுதானிய மியூஸ்லியைச் சில மாதங்களாக வாங்கி, நீரிழிவு உள்ள என் தந்தைக்குக் காலையில் இட்லிக்குப் பதிலாகக் கொடுத்து வந்தோம். முகப்பில் 'வெள்ளைச் சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று பச்சை எழுத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பதே அதற்குக் காரணம்.

பாக்கெட்டின் பின்புறம், மடித்து ஒட்டிய விளிம்பின் கீழே பொடி எழுத்தில் இருப்பதோ வேறு கதை. சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. இனிப்பை நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சம்பழப் பாகு என மூன்றாகப் பிரித்திருப்பதால் அவை தனித்தனியே கீழே போய்விட, ஓட்ஸும் கம்பும் முன்னால் நிற்கின்றன. ஆனால் 100 கிராமில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 21 கிராம் என்று அதே அட்டவணை சொல்கிறது. 'ஒரு வேளைக்கு 30 கிராம்' என்ற அளவைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டுப் பார்த்தேன்; கிண்ணத்தின் அடிதான் மறைந்தது. முகப்புப் படத்தில் உள்ளபடி நிரப்ப 60 கிராம் தேவைப்பட்டது. அதில் ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை சேர்ந்துவிடுகிறது.

தாங்களே விற்கும் சாக்லேட் கிரீம் பிஸ்கட்டின் உறையையும் பார்த்தேன். இரண்டு பிஸ்கட்டில் 6 கிராம், அதாவது அந்தக் கிண்ணத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. மியூஸ்லியில் நார்ச்சத்தும் பாதாமும் இருப்பதை நான் மறுக்கவில்லை. பிஸ்கட்டைச் சத்துணவு என்றும் சொல்லவில்லை. ஆனால் பிஸ்கட்டைத் தின்பண்டமாகவே விற்கிறீர்கள், வாங்குபவரும் அளவோடு தின்கிறார். மியூஸ்லியையோ உடம்புக்கு நல்லது என்று நம்பிக் கிண்ணம் நிறையப் போட்டுக்கொள்கிறார்.

தங்கள் உதவி எண்ணில் பேசிய ஊழியர், நாட்டுச் சர்க்கரையும் தேனும் இயற்கையானவை, ஒன்றும் செய்யாது என்றார். நீரிழிவு நோயாளியின் வீட்டாரிடம் இப்படிச் சொல்லலாமா? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனிலும் பாகிலும் உள்ள சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கிலேயே சேர்க்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. அதில் பாதி காலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஆகவே, முகப்பு வாசகத்தை நீக்கவும், சேர்க்கப்பட்ட சர்க்கரையின் அளவை முகப்பிலேயே அச்சிடவும், திறக்காத இரண்டு பாக்கெட்டுகளுக்கான பணத்தைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகவும், தவறான விளம்பரம் என்ற அடிப்படையில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், இரு உறைகளின் புகைப்படங்கள்.