தசை வலிக்கு வரைபடம் தந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டாக்டர் ஜேனட் டிராவெலை அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக மட்டும் பலர் நினைவுகூர்வது, இயன்முறை மருத்துவரான எனக்கு வருத்தமளிக்கிறது. வெள்ளை மாளிகையில் 1961-இல் பொறுப்பேற்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, தோள், கை வலிக்குத் தசையினுள் புரோக்கெயின் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்துவது பற்றி 1942-இல் சக ஆய்வாளர்களுடன் அவர் எழுதிவிட்டார். 1952-இல் சக ஆய்வாளர் ரின்ஸ்லருடன் வெளியிட்ட கட்டுரையோ, எந்தத் தசையின் முடிச்சு (தசையில் இறுகி, அழுத்தினால் வலிக்கும் புள்ளி) எங்கே வலியாகத் தோன்றும் என்பதைப் படங்களாகவே காட்டியது.

கழுத்தோரத் தசையில் கயிறுபோல் இறுகிய இழையைக் கட்டைவிரலால் அழுத்தியதும், நோயாளி தன் நெற்றிப்பொட்டைத் தொட்டு, “இங்கேதான் வலிக்கிறது” என்று சொல்வதை நான் அடிக்கடி காண்கிறேன். அந்தப் படங்கள் அப்போதெல்லாம் என் கண்முன் நிற்கும்.

மருத்துவர் டேவிட் சைமன்ஸுடன் இணைந்து இம்முடிச்சுகள் பற்றி எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1983-இல் வந்தபோது டிராவெல் 80 வயதைக் கடந்திருந்தார். இரண்டாம் தொகுதி 1992-இல் வெளியானது. முடிச்சு உருவாகும் விதம் குறித்த அவர்களது விளக்கத்தை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு; ஒரே நோயாளியிடம் இரு பரிசோதகர்கள் எப்போதும் ஒரே முடிச்சைக் கண்டறிவதில்லை என்ற கேள்வியும் நியாயமானதே. அதனால்தான், சுருக்கக் குறிப்புகளோடு நின்றுவிடாமல், மூலக் கட்டுரைகளையும் அவற்றுக்கு எழுந்த மறுப்புகளையும் சேர்த்தே மாணவர்களுக்குக் கற்பிக்குமாறு இயன்முறை மருத்துவக் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்