அந்தக் கடைசிப் பத்தியைக் கேட்காதீர்கள்

சிறுகதைப் போட்டியின் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். பரிசு யாருக்குப் போனது என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தேர்வாகாத கதைகளோடு நீங்கள் அனுப்பும் குறிப்பைப் பற்றித்தான் இந்த மடல். என்னிடம் கதை எழுதக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு இந்த முறை இரண்டே வரி வந்தது: "முடிவு தெளிவாக இல்லை. கதை சொல்ல வரும் கருத்து என்ன?"

கதை உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா இறந்து நான்கு மாதம். மாத்திரைக்காக அம்மா தன் செல்போனில் வைத்த அலாரம் இன்னும் தினமும் இரவு எட்டு மணிக்கு அடிக்கிறது. அப்பா அதை நிறுத்துவதில்லை, தானாக ஓயும்வரை தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்குவார். கடைசிக் காட்சியில் மகள் எரிச்சலோடு எழுந்து போய் போனை எடுக்கிறாள், அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறாள், அடிக்கிற போனை அப்படியே வைத்துவிட்டு வந்து உட்காருகிறாள்.

இதில் எது தெளிவாக இல்லை?

உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அவள் ஒரு பத்தி சேர்த்துக் கொண்டுவந்தாள். 'தாயின் அன்புக்கு ஈடில்லை என்பதை அன்று அவள் உணர்ந்தாள்' என்று முடிகிறது. போனை வைத்த கை சொன்னதையெல்லாம் அந்த வரி அழித்துவிட்டது. இப்போது அடுத்த கதைக்கு அவள் முதலில் நீதியை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் அதற்கு ஆட்களைத் தேடுகிறாள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தயவுசெய்து கருத்து கேட்பதை நிறுத்துங்கள்.

கதையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முழுக்க மகளின் பார்வையில் போகும் கதை, நடுவில் ஒரு பத்தி மட்டும் அப்பாவின் மனதுக்குள் நுழைந்து அவர் நினைப்பதைச் சொல்லிவிடுகிறது. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று மகளுக்குத் தெரியாததுதான் அந்தக் கடைசிக் காட்சியின் பலம், அது அங்கேயே ஒழுகிப் போகிறது. அப்புறம் அத்தை வந்து, "உன் அம்மா போய் நாலு மாசம் ஆச்சே" என்கிறாள். இருவருக்கும் தெரிந்த விஷயம், வாசகருக்காக மட்டும் பேசப்பட்ட வசனம். இந்த இரண்டில் ஒன்றைக் குறித்து அனுப்பியிருந்தால் ஒரே ராத்திரியில் திருத்தியிருப்பாள்.

உங்கள் விதிமுறையில் அறிமுகம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு என்று ஐந்து கட்டம் இருக்க வேண்டும் என்கிறீர்கள். அது 1863இல் ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃபிரைடாக் நாடகங்களை ஆராய்ந்து வகுத்த அமைப்பு. ஒரு சாப்பாட்டு நேரத்தில் நடந்து முடியும் சிறுகதைக்கு அதைக் கட்டாயமாக்கினால் எப்படி? ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தார் என்பது வெறும் சம்பவ வரிசை, துக்கத்தால் ராணி இறந்தார் என்றால்தான் கதைப்பின்னல் என்று 1927இல் ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் விளக்கினார். அந்த 'ஏன்' இவள் கதையில் இருக்கிறது. அப்பா ஏன் அலாரத்தை நிறுத்தவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நமக்குப் புரிகிறது.

உங்களை மட்டும் சொல்லவில்லை. எந்தப் போட்டியை எடுத்தாலும் நேர்மை, ஒற்றுமை, தியாகம் என்று தலைப்பு கொடுத்துவிட்டு, வருகிற கதைகளில் உயிர் இல்லை என்று மேடையில் வருத்தப்படுகிறார்கள். உயிரோடு வந்த கதையிடம் நீதி கேட்டுத் திருப்பி அனுப்பியது யார்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான கதைகளைப் படிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். கதைக்கு ஒரு வரி போதும்: எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது, எந்த வசனம் பொய்யாகப் பட்டது. கருத்து என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

அத்தையின் வசனத்தையும் அப்பாவின் பத்தியையும் எடுத்துவிட்டு, புதிதாகச் சேர்த்த முடிவையும் அடித்துவிட்டு, அடுத்த போட்டிக்கு அதே கதையை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மகள் போனைக் கீழே வைக்கும் இடத்தில் அது முடியும். ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் ஒருவர்