2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், பெற்றோர்களுக்கும் வணக்கம்.

வியாசர்பாடியில் இயங்கும் நமது சிறுவர் கால்பந்துச் சங்கத்தின் சார்பில் கோடைப் பயிற்சி முகாம், சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் போட்டி ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன.

விரிவாகக் கூற வேண்டியது, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்காக ஞாயிறுதோறும் நடத்தப்படும் நடுவரில்லா ஆட்டத்தைப் பற்றியே. நடுவர் இல்லையென்றால் அடிதடியில்தான் முடியும் என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஆட்சேபணைக்கு எழுத்தில் விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். 1994 உலகக் கோப்பையில் தவறுதலாகத் தன் அணிக்கு எதிராகவே கோல் விழச் செய்த கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபர், நாடு திரும்பிய சில நாட்களில் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின், வன்முறையில் சிக்கிய இளைஞர்களை மீட்பதற்காக அந்நகரத் தெருக்களில் உருவானதே இம்முறை. இரு அணியினரும் முதலில் உட்கார்ந்து பேசி விதிகளை முடிவு செய்வர், பிறகு ஆடுவர், ஆடி முடித்ததும் மீண்டும் உட்கார்ந்து, ஒப்புக்கொண்டபடி நடந்தோமா என்று விவாதித்து, எதிரணிக்கு நன்னடத்தைப் புள்ளி வழங்குவர். அப்புள்ளியும் கணக்கில் சேர்வதால், கோலில் வென்ற அணி மொத்தத்தில் தோற்பதும் உண்டு.

மெடலினில் முதல் கோலை ஒரு பெண்தான் அடிக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. அதை இங்கே கொண்டுவந்தபோது பையன்கள் முகம் சுளித்தனர். ஆனால் சிறுமிகளுக்குப் பந்தைத் தராமல் கோல் கணக்கே தொடங்காது என்றானதும், எவரும் அறிவுரை கூறாமலே அவர்களுக்குப் பாஸ் கிடைக்கலாயிற்று. இடையில் இரு அணிகளும் பேசிவைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் முழுப்புள்ளி வழங்கிய கூத்தும் நடந்தது. காரணம் கூறாமல் புள்ளி தரக்கூடாது என்று அதற்கும் பிள்ளைகளே விதி செய்தனர். கோப்பை வாங்கித் தராத பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள், கையில் பந்து பட்டதை யாரும் பார்க்காதபோதும் தானே நின்றுவிடும் சிறுவனை ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம். சிக்கல் இருப்பது கோட்டுக்கு வெளியேதான். "காலை வாரு" என்று ஓரத்தில் நின்று கத்தும் தந்தை ஒருவர் போதும், அரைமணி நேரப் பேச்சு வீணாவதற்கு.

செயற்குழுக் கூட்டங்களில் பெரும்பாலானவை போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன. சந்தா நிலுவைப் பட்டியலும் நீண்டுள்ளது. அவையில் பெயர்களைப் படிப்பது முறையன்று. எனினும் ஒழுங்கைப் பற்றிப் பிள்ளைகளிடம் உரையாற்ற வாய்ப்புக் கேட்ட உறுப்பினர்கள் சிலரும் அதில் இருப்பதைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. சிறு பற்றாக்குறை கைமாற்றால் ஈடுசெய்யப்பட்டது. விவரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பயிற்சியாளர்களுக்கும், ஜெர்சி வழங்கிய நல்லுள்ளங்களுக்கும், மைதானத்தைச் சீர்செய்து தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் மனமுவந்து ஒப்படைப்பேன். முன்வராத நிலையில், ஞாயிறு ஆட்டத்தைத் தொடர சிறுவருக்கான நான்காம் எண் அளவுப் பந்துகள் சிலவும், பிள்ளைகளின் விவாதத்தின்போது குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய பெரியவர்கள் இருவரும் தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் தேநீர் வழங்கும் இடத்தில் என்னைச் சந்திக்கலாம். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்துடன் அங்கேயே இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்