புது வண்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிதாக ஒரு சின்ன வண்டைக் கண்டறிந்தார்கள் என்று நம் நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. யாருடைய பெயரை வைத்தார்கள் என்பது தலைப்பிலேயே வந்துவிடும். படமும் பெரிதாக இருக்கும், ஆனால் பக்கத்தில் அளவுகோல் இருக்காது. இரண்டு மில்லிமீட்டர் வண்டைப் பொன்வண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். அந்த வண்டின் மூல மாதிரி எந்த ஊரில், எந்தக் காட்சியகத்தில் இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் நான் படித்ததே இல்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல. கோவை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் துறை ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஆனைமலைப் பக்கம் தோப்பு, கட்டுத்தரை என்று பொழுது போகிறது. எங்கள் பேராசிரியர் வண்டு ஆராய்ச்சிக்காரர். வண்டை ஒட்டுவது, லேபிள் எழுதுவது, உறுப்பைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் என் கைவேலை.

பெரிய வண்டென்றால் வலது முதுகு ஓட்டில் ஊசியைக் குத்திவிடலாம். சின்னதைக் குத்தினால் நொறுங்கிவிடும். கெட்டி அட்டையை முக்கோணமாக நறுக்கி, அதன் நுனியை லேசாக மடித்து, பசையைத் தொட்டும் தொடாமலும் வைத்து, வண்டின் மார்பை வலப்பக்கமாக ஒட்ட வேண்டும். அப்போதுதான் இடப்பக்கமும் அடிவயிறும் பார்க்கக் கிடைக்கும். மாணவர்கள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, "பசை வயித்துல ஏறீருச்சு தம்பி, இது இனி ஒண்ணுக்கும் ஆவாது" என்பார் பேராசிரியர். லேபிளில் ஊர், உயரம், தேதி, பிடித்தவர் பெயர், எந்தச் செடியில் இருந்தது என்பதெல்லாம் வேண்டும். பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்.

அப்புறம்தான் பார்வை. முதுகு ஓட்டில் ஊசியால் குத்தினாற்போல் புள்ளிகள் இருக்கும். அவை வரிசையாகப் போகின்றனவா, கலைந்து கிடக்கின்றனவா, நடுவில் ரோமம் உண்டா, உணர்கொம்பின் நுனியில் எத்தனை கணுக்கள் தடித்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போவார். இதெல்லாம் ஒத்துப்போகும் இரண்டு வண்டுகள் வேறு வேறு இனமாகவும் இருக்கலாம். அதைத் தீர்த்து வைப்பது பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்புதான். காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து, வயிற்று நுனியைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் தசையெல்லாம் கரைந்து டீ நிறத்தில் ஒரு சின்னக் குழாய் மிஞ்சும். அதைக் கிளிசரின் சொட்டில் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்து, நுனி வளைவைப் படமாக வரைய வேண்டும். வரைந்து முடித்ததும் அதைக் குட்டிக் குப்பியில் அடைத்து, அதே வண்டின் ஊசியிலேயே கீழே செருகிவிடுவோம். வண்டு ஓரிடம், உறுப்பு ஓரிடம் என்று பிரிந்துவிட்டால் அத்தனை வேலையும் வீண்.

இப்படிப் பார்த்தவற்றில் ஒன்றை ஹோலோடைப், அதாவது நான் முதலில் சொன்ன மூல மாதிரி, என்று குறிப்பார்கள். அந்தப் பெயருக்கு அந்த ஒற்றை வண்டுதான் சாட்சி. 2000-ம் ஆண்டு தொடங்கி வெளியாகும் புதிய இன விவரிப்பில் ஹோலோடைப் எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்று எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயர் செல்லாது என்கிறது சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதி. அந்தக் கட்டுரையை வைத்து எழுதும் செய்தியில் மட்டும் அது எப்படி விட்டுப்போகிறது?

இதுவரை பெயர் பெற்ற வண்டினங்களே ஏறக்குறைய நான்கு லட்சம். புது வண்டென்று சொல்லுமுன் பழைய பெட்டிகளைத் திறந்து ஒப்பிட்டாக வேண்டும். காரைக்கால் பக்கத்துப் பூச்சி சேகரிப்பாளர் சூசை நாதன் ஆனைமலையிலும் கோவையிலும் பிடித்த பூச்சிகள் லண்டனிலும் ஒட்டாவாவிலும் இருக்கின்றன. வால்பாறைக்கு அருகே உள்ள நம் சிங்கோனாவின் பெயர், 3500 அடி என்ற உயரத்தோடு, அந்த லேபிள்களில் இருக்கிறது. அந்த வெளிநாட்டுச் சேகரிப்புகளில் பத்திரமாக வைத்திருப்பதால்தான் இன்றைக்கும் ஒப்பிட முடிகிறது.

இதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம், விவசாயிக்கு என்ன என்று கேட்பவர்கள் 2016-ஐ நினைத்துப் பார்க்கட்டும். சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சித் தென்னையில் இறங்கிய வருஷம். ஓலையிலும் கீழே இருந்த ஊடுபயிரிலும் பிசுபிசுப்பு வடிந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்தது. அந்தப் பூசணத்தைச் சுரண்டித் தின்னும் ஒரு சின்ன வண்டை மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் காயங்குளம் நிலையத்தார் கண்டார்கள். அதன் பெயர் லியோக்ரைனஸ் நீல்கிரியானஸ். ஹங்கேரிக்காரர் கசாப் எப்போதோ விவரித்துப் பெயர் வைத்த வண்டு, பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. அவர் விவரித்தபோது இந்த வெள்ளை ஈ நம் நாட்டிலேயே கிடையாது. முன்பே பெயர் இருந்ததால்தான் இன்ன வண்டு என்று சொல்ல முடிந்தது. பெயரில்லாத பூச்சியென்றால் நம்மவர்கள் முதலில் தேடுவது பூச்சிமருந்துக் கடையைத்தான்.

எங்கள் கல்லூரிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த அறை கம்ப்யூட்டர் லேபுக்குப் போயிற்று. பூச்சிப் பெட்டிகள் வராந்தாவுக்கு வந்தன. பாச்சா உருண்டை மாற்ற ஆளில்லை. ஐப்பசி மழையில் சாரல் அடித்துப் பூஞ்சை பிடித்தது, மிச்சத்தை ஆந்த்ரீனஸ் புழு தின்றது. வண்டைத் தின்ன வந்ததும் ஒரு வண்டுதான், அதையும் சொல்ல வேண்டும்! கடைசியில் மரத்துக்கும் கண்ணாடிக்கும் விலை பேசிப் பழைய இரும்புக் கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்றைக்கு இருப்பவர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

புதிய இனம் கண்டறிந்தால் அரசு குறித்துள்ள நிறுவனத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 39-வது பிரிவில் சொல்கிறது. கண்டறியப்படாமல் பழைய பெட்டியிலேயே கிடக்கும் இனத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே இனி இப்படிச் செய்தி போடும்போது வண்டின் நீளம் எத்தனை மில்லிமீட்டர், நெருங்கிய இனத்திலிருந்து எதில் வேறுபடுகிறது, ஹோலோடைப் எங்கே என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். மூன்றும் நாலு வரிக்குள் அடங்கும்.

கொங்குப் பகுதிக் கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறையைக் காலி செய்யுமுன் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் துறையாரைக் கூப்பிட்டுப் பெட்டிகளைக் காட்டுங்கள். அங்கே 2018 முதல் பூச்சிகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லட்டும். கொண்டுபோவதானால் காரின் பின்சீட்டில், மடித்த போர்வைமேல் பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். பைக்கில் வேண்டாம். நம் ஊர் வேகத்தடைகளில் ஒட்டின வண்டெல்லாம் உதிர்ந்துவிடும், அப்புறம் எந்த லேபிள் எந்த வண்டுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
ஆனைமலை.
(பெயர் வெளியிட வேண்டாம்)