சமதரை என்று சொன்ன பிள்ளைக்கு

அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆறாம் தரப் பிள்ளைகளிடம் "உங்கள் ஊரில் என்னென்ன தரைத்தோற்றம் இருக்கிறது?" என்று கேட்டாயாம். ஒரு பெடியன் எழும்பி, "எங்கட ஊரில ஒண்டும் இல்லை ரீச்சர், எல்லாம் சமதரை" என்றானாம். புத்தகம் முழுக்க மலையும் பள்ளத்தாக்கும் நீர்வீழ்ச்சியும் நிறப்படங்களாக இருந்தால், மன்னார்ப் பக்கத்து முருங்கனில் பிறந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? ஆனால் அந்தப் பதிலோடு அவனை ஏழாம் தரத்துக்கு அனுப்பிவிடாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

நில அளவையாளர்களோடு, உயரம் அளக்கிற மட்டக்கோல் பிடித்துத் திரிந்த காலத்தில் நான் கற்றது இதுதான்: யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கிற எங்கள் வன்னியில் தரைத்தோற்றம் இல்லாமல் இல்லை, அது மிக மெல்லியதாக இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை 2,524 மீற்றர். வவுனியா நகரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றருக்குக் கிட்டத்தான் வரும். அங்கிருந்து ஏ9 வீதி வழியாக ஆனையிறவுக்கு ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீற்றர். போய்ச் சேரும்போது கடல்மட்டத்துக்கு வந்துவிடுகிறோம். கணக்குப் பார்த்தால் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவு இறக்கம். பஸ்ஸில் போகிறவனுக்கு அது தெரியாது. மழைத் தண்ணீர் ஒரு துளிகூடப் பிசகாமல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கவிழ்த்து வைத்த சுளகு மாதிரி வன்னியின் நடு சற்று எழும்பி, ஓரங்கள் தாழ்ந்து கிடக்கின்றன. கனகராயன்குளப் பக்கம் பெய்கிற மழை கனகராயன் ஆறாகி வடக்கே போய் இரணைமடுவில் தங்கும். மிச்சம் சுண்டிக்குளக் களப்புக்குப் போகும். பாலியாறு வவுனிக்குளத்தை நிரப்பிவிட்டு மேற்குக் கடலுக்குப் போகிறது. எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பேராறு முத்தையன்கட்டுக்கு வந்து, பிறகு கிழக்கே நந்திக்கடலில் விழுகிறது. உன் பள்ளிக்கூடப் பக்கத்துக்கு அருவியாறு. அனுராதபுரத்திலிருந்து வருகிற அந்த ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துத்தான் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒரு தாளில் வன்னியின் உருவத்தைக் கீறி இந்த ஆறுகளை மட்டும் போடச் சொல்லு. எது மேடு, எது பள்ளம் என்று நீ சொல்லத் தேவையில்லை, ஆறுகளே காட்டிவிடும்.

இனி, ஏன் இவ்வளவு குளம் என்று கேள். பிள்ளைகள் "மழை குறைவு" என்பார்கள். அது பாதிப் பதில். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை கிடைக்கும் பகுதியைத்தான் உலர் வலயம் என்கிறோம், சரி. யாழ்ப்பாணமும் உலர் வலயம்தானே, அங்கே ஏன் இப்படிப் பெருங்குளங்கள் இல்லை? அங்கே கீழே சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்கும், கிணறு வெட்டினால் கிடைக்கும். வன்னியின் உட்பகுதியில் கீழே இருப்பது மிகப் பழைய கடும்பாறை. மேலே உக்கிய படையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிற மழையை நிலத்தின் மேலேயே மறித்து வைக்காவிட்டால் ஆடியில் குடிக்கவும் இல்லை. மெல்லிய சரிவு, கீழே கடும்பாறை, வருடத்தில் சில மாத மழை: இந்த மூன்றும் சேர்ந்துதான் குளங்களை உண்டாக்கின. எங்கள் முன்னோர் இதைக் கால்நடையாகத் திரிந்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டுப் போட்ட இடங்களில் மட்டம் பார்த்தபோதெல்லாம் அவர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

வாழிடம் என்ற பாடத்துக்கும் இதுவே வாசல். ஓரடி, ஈரடி உயரம் மாறினால் எங்கள் பக்கம் மண் மாறும், மண் மாறினால் மரம் மாறும், மரம் மாறினால் அங்கே வருகிற உயிர்களும் மாறும். மேட்டில் தண்ணீர் வடிந்துபோகும் செம்மண், அதில் காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி. கோடையில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்போதும் பாலையும் வீரையும் பச்சையாக நிற்கும். இலை தடித்துச் சிறுத்திருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு. தண்ணீரை ஆவியாக விடாமல் பிடித்துக்கொள்கிற இலை அது. பாலை பழுக்கிற காலத்தில் கரடி அந்த மரத்தை விட்டுப் போகாது. அது ஏறி இறங்கிய நகக் கீறல் பட்டையில் இருக்கும். கொஞ்சம் இறங்கினால் வீடும் தோட்டமும். இன்னும் இறங்கினால் தண்ணீர் தேங்குகிற மண், அதில் வயல். ஆற்றங்கரைக்கு வந்தால் மருதும் நாவலும். இந்த வரிசை வன்னியில் எங்கே போனாலும் பெரிதாகப் பிழைக்காது.

உன் பக்கம் மட்டும் ஒரு விசேஷம் இருக்கிறது. முருங்கன் மண் கறுப்பு. மழைக்கு ஊதிப் பிசுபிசுக்கும், வெயிலுக்குச் சுருங்கி ஆழமாக வெடிக்கும். இப்போது புரட்டாதி, வெடிப்புகள் நன்றாகத் தெரிகிற நேரம். பிள்ளைகள் ஒரு தடியை விட்டு ஆழம் பார்க்கட்டும். கையை விட விடாதே, பாம்பு ஒதுங்கியிருக்கும். மழை விழுந்த பிறகு அதே இடத்துக்கு வந்து பார்த்தால் வெடிப்பு மூடியிருக்கும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களிமண் போனது இந்த முருங்கனிலிருந்துதான் என்று சொல்லு. தங்கள் காலடி மண்ணுக்கு ஒரு பெருமை இருக்கிறதென்று பிள்ளைகள் அறிய வேண்டும்.

குளத்துக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. குளம் ஒரு வாழிடமல்ல, நாலைந்து வாழிடம். கட்டடியில் ஆழத் தண்ணீர், அங்கே விராலும் முதலையும். கட்டுக்கு எதிரே, தண்ணீர் ஏறி இறங்குகிற அலைகரைப் பக்கம் அது தட்டையாகப் பரந்து நிற்கும், தாமரையும் அல்லியும் அங்கேதான், நீண்ட காலுள்ள பறவைகளும் அங்கேதான். தண்ணீர் வற்ற வற்ற அலைகரை பின்வாங்கி, வெளித்த சேற்றில் இளம்புல் முளைக்கும். மாடுகள் அதை மேயும், பொழுதுபட யானை வரும். கட்டுக்குக் கீழே கசிவு நீரில் மருது நிற்கும். குளத்து மதகான துருசைத் திறந்தால் வயலும் சில மாதத்துக்கு ஒரு சதுப்புநிலமாகிவிடும். நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் தவளை, நண்டு, அதைத் தின்னக் கொக்கு. மாரிப் பயிர்க்காலமான காலபோகத்திலும் கோடைப் பயிர்க்காலமான சிறுபோகத்திலும் ஒரே குளத்தைப் பார்த்து இரண்டு படம் கீறச் சொல்லு. புத்தகத்தில் இருக்கிற குளம் அசையாமல் நிற்கிறது. எங்கள் குளம் ஆண்டு முழுக்க இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

ஐப்பசி பிறந்தால் வங்காலைக்கு ஒரு நாள். அது 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். வடக்கே குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வாத்துகளும் உள்ளான்களும் இறங்குகின்றன. ஆழமில்லாத உவர்நீரும் சேறும் இருப்பதால்தான் வருகின்றன. ஒன்றும் இல்லாத சமதரை என்று அந்தப் பெடியன் சொன்னதைத் தேடித்தான் அவை அவ்வளவு தூரம் வருகின்றன. இதை அவனிடம் தனியாகச் சொல்லு, மகிழ்வான்.

களப்பைப் பற்றியும் எழுத வேண்டும். நந்திக்கடலை எடுத்துக்கொள். ஒரு பக்கம் பேராற்று நன்னீர், மறுபக்கம் வட்டுவாகலில் கடல். கோடையில் வாயை மணல் மூடிவிடும், தண்ணீர் வற்றி உப்புக் கூடும். மாரியில் வெள்ளம் ஏற மணல் தானாக உடையும், அல்லது தொழிலாளர்கள் கூடி வெட்டிவிடுவார்கள். அந்த வாயால் கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் உள்ளே வந்து, கலந்த நீரில் வளரும். வாய் எப்போது திறக்கிறது, எவ்வளவு நாள் திறந்திருக்கிறது என்பதில்தான் அந்த ஊர்களின் சோறு இருக்கிறது.

ஆனால் பிள்ளை, நந்திக்கடலை இறாலும் கண்டல் மரமும் உள்ள களப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் ஏலாது, உன்னாலும் ஏலாது. 2009இல் போரின் கடைசி நாள்களில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். உன் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், ஆனால் மடுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன குடும்பங்களின் பிள்ளைகளும் அதற்குள் இருப்பார்கள். படம் காட்டும்போது ஒரு பிள்ளை தலையைக் குனிந்தால் கேள்வி கேட்காதே. வீட்டில் கேட்ட கதையைச் சொல்ல விரும்பினால் சொல்ல விடு, பாடம் அன்றைக்கு முடியாவிட்டால் பரவாயில்லை.

சரி, செய்முறைக்கு வருகிறேன். மேசன்மார் பாவிக்கிற ஒளி ஊடுருவும் குழாயில் கொஞ்ச நீளம் வாங்கு. நிறத்தண்ணீர் நிரப்பு, உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது. இரண்டு நுனியையும் அடி அங்குலம் குறித்த இரண்டு தடியில் கட்டு. ஒரு பிள்ளை மேட்டில், ஒரு பிள்ளை பள்ளத்தில். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு தடியின் அளவையும் கழித்தால் நிலத்தின் உயர வித்தியாசம். பள்ளிக்கூட வாசலிலிருந்து வயல் வரைக்கும் இப்படியே தடியை மாற்றி மாற்றிக் கொண்டு போங்கள். ஒவ்வொரு இடத்திலும் அளவோடு சேர்த்து மண்ணின் நிறம், நிற்கிற மரம், கண்ட பூச்சி, எச்சம், கால்தடம் எல்லாம் எழுதட்டும். பிறகு வகுப்பில் நீளத் தாளில் குறுக்குவெட்டாகக் கீறினால் வன்னியின் தரைத்தோற்றமும் வாழிடமும் ஒரே கோட்டில் தெரியும்.

ஆற்று மணலையும் பேசு. டிப்பர் டிப்பராக அள்ளுகிறார்கள். படுகை தாழ்ந்தால் பக்கத்துக் கிணற்று நீரும் தாழும், கரை இடிந்து மருதமரம் சரியும். பிள்ளைகள் கண்ணால் காண்கிற விஷயம், மறைக்கத் தேவையில்லை. இதைப் பற்றி எனக்கு இருக்கிற கோபம் உனக்குத் தெரியும்.

கவனம்: மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் ஒருவரும் காலடி வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடத்திலும் பழக்கமான பாதையை விட்டு விலகாதீர்கள், கிடக்கிற இரும்பைத் தொடாதீர்கள். குளத்தில் இறங்க விடாதே. காலையில் போய் வெயில் ஏற முன் திரும்பு. ஊரில் மாடு மேய்க்கிற ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போ. எந்தப் பக்கம் யானை நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும், மரங்களின் பெயரும் உன்னைவிட என்னைவிட அவருக்குத் தெரியும். அவர் சொல்வதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும்.

மன்னார் பஸ்ஸில் வருகிற ஆளிடம் என்னுடைய பழைய மட்டக்கோலைக் கொடுத்து விடுகிறேன், வர்ணம் மங்கியிருக்கிறது, இலக்கம் தெரியும். அம்மா ஒடியல் மாவும் தருகிறா. அளக்கிற வேலையை மழைக்கு முன் ஒருக்கால் செய்துவிடுங்கள். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று அதே கோட்டில் குறிக்கலாம். குறுக்குவெட்டுப் படம் முடிந்ததும் போனில் எடுத்து அனுப்பு. அந்தப் பெடியன் எந்தத் தடியைப் பிடித்தான் என்றும் எழுது.

அன்புடன்,
அப்பா
ஒட்டுசுட்டான்