காற்றின் வருகைப் பதிவேடு: பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் பதினோராம் வகுப்பு மாணவர்களை ஒரு பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வகத்துக்கு அழைத்துப் போகிறோம். ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன், அங்கே பிள்ளைகள் என்ன பார்க்கப் போகிறார்கள், அதற்காக ஏன் ஒரு முழு நாளை ஒதுக்குகிறோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்.

போன வாரம் இயற்பியல் ஆய்வகத்தை இருட்டாக்கிவிட்டு, சோடியம் விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தோம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் கண்ணை வைத்திருந்த ஒரு மாணவி, மஞ்சள் கோடு தெரிகிறது என்றாள். ஒளி நுழையும் பிளவை இன்னும் குறுக்கி, குவியத்தைச் சரிசெய்யச் சொன்னேன். சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டீச்சர், இது ஒண்ணு இல்ல, ரெண்டு!" என்றாள். 589.0 நானோமீட்டரில் ஒன்று, 589.6-இல் ஒன்று. புத்தகத்தில் எத்தனையோ முறை படித்ததுதான். ஆனாலும் அன்று அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் கேட்டாள்: "கண்ணுக்கே தெரியாத வாயுவையும் இப்படிக் கண்டுபிடிக்கலாமா?" இந்தப் பயணம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

கண்டுபிடிக்கலாம். மூலக்கூறில் அணுக்கள் சுருள்வில்லால் கட்டியது போல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. எந்த வேகத்தில் அதிரலாம் என்பது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனி. அதற்குப் பொருந்துகிற ஒளியை அது உட்கவரும், மற்றதை விட்டுவிடும். கார்பன் மோனாக்சைடு உட்கவரும் ஒளியின் எண், சென்டிமீட்டருக்கு 2143 அலைகள். மூலக்கூறு சுழலவும் செய்வதால், அந்த எண்ணின் இருபுறமும் மெல்லிய கோடுகள் வரிசையாக நிற்கும். சாதாரண விளக்கு எல்லா நிறங்களையும் ஒன்றாகக் கொட்டுவதால் இந்த நுணுக்கம் கலைந்துவிடும். லேசர் அப்படியல்ல. ஒரே ஒரு நிறத்தைத் தரும், அந்த நிறத்தையும் சிறுகச் சிறுக நகர்த்தலாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது போலத்தான். அவரவர் பெயருக்கு அவரவர் மட்டும் "உள்ளேன்" சொல்வார்கள்.

முதல் லேசரை 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். லேசர் நிறமாலையியலை வளர்த்த புளூம்பெர்கனும் ஷாலோவும் 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியிலும் இப்படி ஒரு லேசர் கருவி இருக்கிறது. அங்குள்ள காற்றில் மீத்தேன் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று.

வாயு மிகக் குறைவாக இருந்தால் என்ன செய்வது? இதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 99.99 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் இரண்டு ஆடிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைக்கிறார்கள். உள்ளே விடும் லேசர் துடிப்பு இங்கும் அங்குமாக ஓடும். ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக மங்குவதற்குள் சுமார் 10 கிலோமீட்டர் ஓடிவிடும். ஒரு மீட்டர் பெட்டிக்குள்ளேயே 10 கிலோமீட்டர் காற்றைப் பரிசோதித்த மாதிரி! எவ்வளவு ஒளி வந்தது என்று இதில் அளப்பதில்லை, எவ்வளவு சீக்கிரம் மங்கியது என்றுதான் அளக்கிறார்கள். பெட்டி காலியாக இருந்தால் அப்படி மங்க சுமார் 33 மைக்ரோ வினாடி ஆகும். ஒளியை உட்கவரும் வாயு இருந்தால் அதைவிடக் குறையும். லேசரின் பிரகாசம் முன்னே பின்னே இருந்தாலும் அளவீடு கெடாது.

ஒரு பொருளின் மேற்பரப்பைப் பற்றிய ஆய்வு இன்னும் கடினம். ஒரு சதுர சென்டிமீட்டர் உலோகத்தின் மேல் ஓர் அடுக்காக ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் ஏறத்தாழ 10¹⁵. அதற்கு மேலே உள்ள ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 2.5 × 10¹⁹. பெரிய கூட்டத்தின் இரைச்சலில் சிறு குரல் அமுங்கிவிடும். ஆனால் வேதிவினைகள் பலவும் நடக்கும் இடம் அந்த ஓர் அடுக்குதான். வாகனப் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியில் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டுதான் ஆக்சிஜனோடு சேருகிறது. ஒட்டியதும் அதன் எண்ணே மாறிவிடும். ஒரே பிளாட்டினம் அணுவின் மேல் நின்றால் 2100 வாக்கில், இரண்டு அணுக்களுக்கு இடையில் பாலம் போல அமர்ந்தால் 1850 வாக்கில். மூலக்கூறு இருக்கிறதா என்பதோடு, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் ஒளி சொல்லிவிடுகிறது.

நீரின் மேற்பரப்பை ஆராய இயற்பியலாளர் யுவென் ரோன் ஷென் குழுவினர் அகச்சிவப்பு லேசர் ஒன்றையும் கண்ணுக்குத் தெரியும் லேசர் ஒன்றையும் ஒரே இடத்தில் சந்திக்க வைத்தார்கள். இரண்டின் அதிர்வெண்ணும் கூடிய புதிய ஒளி அங்கிருந்து பிறக்கும். நீரின் உள்ளே மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் திரும்பியிருப்பதால் விளைவு ஒன்றையொன்று அடித்துவிடும். மேற்பரப்பில் மேல், கீழ் என்ற வேறுபாடு இருப்பதால் அங்கே மட்டும் ஒளி பிழைத்துவிடும். மேலடுக்கு மூலக்கூறுகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், தன் ஹைட்ரஜன் ஒன்றைக் காற்றுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று 1993-இல் இப்படித்தான் தெரிந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை இனி நான் பழைய மாதிரி பார்க்க முடியாது.

சரி, பாதுகாப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் தானாக மூடிக்கொள்ளாது. எந்த அலைநீளத்துக்கு எந்தக் கண்ணாடியோ அதை ஆய்வகத்திலேயே தருவார்கள். கழற்றினால் உடனே வெளியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மோதிரம், கைக்கடிகாரம், வளையல், சங்கிலி எதுவும் வேண்டாம். கற்றை அதில் பட்டுத் திரும்பினால் யார் கண்ணில் விழும் என்று சொல்ல முடியாது.

ஆர்வத்தில் பிள்ளைகள் பச்சை லேசர் பேனா கேட்டால் தயவுசெய்து வாங்கித் தராதீர்கள். அவற்றில் பலவற்றில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பிலிருந்துதான் பச்சையை உண்டாக்குகிறார்கள். நல்ல வடிகட்டி இல்லாவிட்டால் அந்த அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியே வரும். அதற்குப் பதில் பழைய குறுந்தகடு ஒன்றைக் கொடுங்கள். விளக்கொளியை அதில் சாய்த்துப் பார்த்தாலே நிறமாலை தெரியும். சூரியனை மட்டும் அப்படிப் பார்க்க வேண்டாம்.

படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கண்ணில் அறுவை சிகிச்சையோ வேறு சிகிச்சையோ நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்