அரபு வகுப்புக்குத் தமிழ் இலக்கணம் வேண்டும், தமிழ் எழுத்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் அரபு படிக்க ஆசைப்படுகிறார்கள். "அது மொழி வகுப்பா, சமய வகுப்பா?" என்று பெற்றோர் உடனே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அரபு 1973 முதல் ஐக்கிய நாட்டுச் சபையின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. லெபனானிலும் எகிப்திலும் உள்ள கிறிஸ்துவர்கள் வீட்டில் பேசுவதும் அரபுதான். ஜாவியோடும் அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜாவி என்பது அரபு எழுத்தோடு மேலும் சில எழுத்துகளைச் சேர்த்து மலாய்மொழியை எழுதும் முறை.

எங்கள் கவலை வேறு. படிவம் 1-இல் ஆர்வமாகச் சேரும் பிள்ளை படிவம் 2-க்குள் விலகிவிடுகிறது. மொழி கடினம் என்று காரணம் சொல்கிறார்கள். தொடங்கும் முறையில்தான் கோளாறு என்கிறோம் நாங்கள்.

முதல் கோளாறு, அரபுச் சொல்லுக்குக் கீழே உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வது. பிள்ளைகளுக்கு அது சுலபமாகத் தெரிவதால் ஆசிரியர்களும் விட்டுவிடுகிறார்கள். அத்திப்பழத்துக்கு அரபில் 'தீன்'. சமயத்துக்கும் 'தீன்'. களிமண்ணுக்கும் 'தீன்'. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று. அரபில் மூன்றுக்கும் முதலெழுத்து வேறு: மென்மையான தா, அதிர்வுள்ள தால், அடிநாக்கை உயர்த்திச் சொல்லும் கனத்த தா. 'கல்ப்' என்று எழுதிப் படித்த பிள்ளைக்கு இதயமும் நாயும் ஒரே சொல்லாகிவிடும். இதயத்துக்கு உள்நாக்கை ஒட்டி எழும் காஃப், நாய்க்கு நம் 'க'. ரோமன் எழுத்திலும் இந்தக் குழப்பம் முழுதாகத் தீராது. இக்கடிதத்தில் வேறு வழியின்றித் தமிழில் எழுதுகிறோம். மாணவரின் நோட்டில் இது வரவே கூடாது.

எழுத்துதான் காலை வாரும். இலக்கணம் அப்படியல்ல, தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளைக்கு அதில் பாதி வேலை முடிந்தேவிட்டது. குறில் நெடில் வேறுபாட்டை அரபுக்காகத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. 'தரஸ' என்றால் படித்தான். நடுவிலுள்ள 'ர' இரட்டித்து 'தர்ரஸ' என்றானால் கற்பித்தான். ஓடினான், ஓட்டினான், ஆடினான், ஆட்டினான் என்று தன்வினை பிறவினை படித்த பிள்ளைக்கு இதைக் கரும்பலகையில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

புணர்ச்சி இன்னும் அழகு. நம் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலிருந்தே நன்னெறிக் கல்வி படிக்கிறார்கள். நல் + நெறி, நன்னெறி. அரபில் 'அல்' என்பது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு. 'நூர்' என்றால் ஒளி. அல் + நூர், அன்னூர். லகரம் னகரமாகும் விதம் அச்சு அசல் நம்முடையது. 28 எழுத்துகளில் 14 எழுத்துகளுக்கு முன்னால் இந்த லகரம் இப்படி மாறும். அவற்றைச் சூரிய எழுத்துகள் என்பார்கள். மற்ற 14-உம் சந்திர எழுத்துகள். அவற்றுக்கு முன் மாறாது. ஒரே ஓர் எச்சரிக்கை: தமிழில் ஒலி மாறினால் எழுத்தும் மாறும். அரபில் ஒலி மட்டுமே மாறும், 'லாம்' எழுத்து எழுத்தில் அப்படியே நிற்கும். சொல்வதெழுதலில் நம் பிள்ளைகள் லாமை விட்டுவிடுவது இதனால்தான்.

வாக்கியமும் அப்படித்தான். 'இது புத்தகம்' என்பதற்கு அரபில் 'ஹாஃதா கிதாப்', இரண்டே சொல். ஆனால் 'புதிய புத்தகம்' என்று வரும்போது மலாயைக் காட்ட வேண்டும்: 'புக்கு பாரு' போல 'கிதாப் ஜதீத்', அடை பின்னால் வரும்.

எழுத்தை அலிஃபிலிருந்து வரிசையாகச் சொல்லித் தருவது அடுத்த தவறு. வடிவக் குடும்பமாகத் தொடங்க வேண்டும். பா, தா, ஃதா, நூன், யா ஆகிய ஐந்தும் சொல்லின் முதலிலும் நடுவிலும் பல் போன்ற ஒரே ஒரு சிறு மேடுதான். புள்ளி மட்டுமே வேறு. பா கீழே ஒன்று, யா கீழே இரண்டு, நூன் மேலே ஒன்று, தா மேலே இரண்டு, ஃதா மேலே மூன்று. முதல் வாரத்திலேயே 'பைத்' எழுதலாம், 'பின்த்' எழுதலாம். முன்னது வீடு, பின்னது மகள். இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. நடுப் பல்லுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தால் வீடு. மேலே ஒன்று வைத்தால் மகள். புள்ளி தவறினால் சொல்லே மாறும் என்பது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். கையை எடுக்காமல் முழுச் சொல்லையும் இழுத்து முடித்த பிறகுதான் புள்ளிகள். ஒவ்வொரு பல்லுக்கும் நின்று புள்ளி வைத்தால் எழுத்து சிதறிவிடும்.

இரண்டாம் வாரம், இடப்பக்க எழுத்தோடு ஒட்டாத ஆறு எழுத்துகள்: அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ். பிள்ளைகள் இவற்றை இழுத்து ஒட்டிவிடுவார்கள். 'தார்' (இதுவும் வீடுதான்) என்ற சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னால் சரியாகும். அதன் மூன்று எழுத்துமே தனித்தனியாக நிற்பவை. வலக்கைப் பிள்ளைகளுக்கு, எழுதியதன்மேல் உள்ளங்கை படிந்து மை தீற்றும். முதல் பருவம் முழுக்கப் பென்சிலே போதும். எண்களிலும் கவனம் வேண்டும். கிழக்கு அரபு நாடுகளில் 5 என்பது வட்டம், சுழியம் என்பது புள்ளி.

சொல்வளத்துக்குத் தனிப் பட்டியல் தேவையில்லை. மலாய்க் கிழமைகளே அரபு எண்கள்: அஹாட் ஒன்று, இஸ்னின் இரண்டு, செலாசா மூன்று, ராபு நான்கு, காமிஸ் ஐந்து. ஆனால் அரபு 'ஃத' மலாயில் 'ஸ' ஆகிவிட்டது. அதே பழக்கத்தில் பிள்ளைகள் 'ஸலாஸா' என்பார்கள். நாக்கு நுனி பற்களுக்கிடையே வெளியே தெரிகிறதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் திருத்தச் சொல்ல வேண்டும். தமிழிலும் மலாயிலும் ஒருசேர இருக்கும் அரபுச் சொற்கள் இன்னும் பயனுள்ளவை: வக்கீல் (மலாயில் வாக்கில்), வாரிசு (மலாயில் வாரிஸ்), பாக்கி (மலாயிலும் பாக்கி). 'நீதிமன்றத்தில் ஆஜர்' என்று நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறதே, அந்த ஆஜரும் பள்ளி வருகைப் பதிவின் 'ஹாடிர்' என்பதும் ஒரே சொல். நாம் பேசும் 'மகசூல்', மலாயின் 'ஹாசில்', இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஹா, ஸாத், லாம். மூன்றெழுத்து வேரிலிருந்து சொற்கள் கிளைக்கும் அரபின் அடிப்படையை விளக்கப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளைவிட இது எங்களுக்குப் பிடிக்கும்.

பண்பாட்டுப் பாடத்தைப் பெயரிலிருந்து தொடங்கலாம். அரபில் பின், பின்த். நம் அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்). முறை ஒன்றுதான். தன் பெயரை எழுதும் பிள்ளைக்கு அரபில் 'பழம்' என்பதிலுள்ள 'ப' ஒலிக்குத் தனி எழுத்தில்லை, எகர ஒகரக் குறில்கள் இல்லை என்பதும் தானே தெரியவரும். காலை வாழ்த்துக்கு 'ஸபாஹுல் கைர்' போதும். எல்லாச் சமயத்தாரும் சொல்வது. பதில் 'ஸபாஹுன் னூர்'. அங்கே மீண்டும் நம் நன்னெறிப் புணர்ச்சி. வளைகுடா வீடுகளில் பிடியில்லாத சிறு குவளையில் காப்பி தருவார்கள். போதும் என்றால் குவளையை இலேசாக ஆட்டிவிட்டுத் தர வேண்டும். ஆட்டாவிட்டால் மறுபடி ஊற்றுவார்கள். நம் புளிக்கு அவர்கள் வைத்த பெயர் 'தம்ர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை.

அரபு ஆசிரியர்களில் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர்கள். இதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. அதே பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்கும் ஆசிரியர் மாதம் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார வேண்டும். முதல் மாதம் புணர்ச்சி, இரண்டாம் மாதம் தன்வினை பிறவினை, மூன்றாம் மாதம் பொதுச்சொற்கள். தமிழாசிரியர் இல்லாத பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியைக் கேட்டுப் பார்க்கலாம். பள்ளி தொடங்கும் முதல் மாதத்திலேயே இந்தச் சந்திப்புக்கு நேரம் ஒதுக்கும்படி தலைமையாசிரியர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மொழியாசிரியர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்